வினவல் மொழிக்கு எந்த நூல்? எஸ்.க்யூ.எல் பாடநூல்களின் ஐம்பதாண்டு வரலாறு

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல்லைக் கற்க எந்த நூல் நல்லது என்ற வினா ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் எழுகிறது. கணினி அறிவியல் மாணவர் மட்டுமே இதைக் கேட்ட காலம் கடந்துவிட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணைகளோடு போராடும் பொருளியல் ஆய்வாளரும், கல்வெட்டுகளைப் பட்டியலிடும் வரலாற்று மாணவரும், நோயாளர் பதிவேடுகளை ஆராயும் மருத்துவ ஆய்வாளரும் இன்று இதைக் கேட்கிறார்கள். வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒரு நூற்பெயர். அந்த நூல் யாருக்காக, எந்தக் காலத்தில், எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்பது சொல்லப்படுவதில்லை.

இதை அறியாமல் நூலைத் தேர்வதால் நேரும் இழப்பு சிறியதன்று. இலக்கணம் சரியாகவும் கருத்து தவறாகவும் அமைந்த வினவல், எந்த எச்சரிக்கையும் தராமல் ஓர் எண்ணைத் தந்துவிடும். அந்த எண் ஆய்வேட்டின் அட்டவணைக்குள் ஏறிவிட்டால், அதை ஐயுற எவருக்கும் காரணம் இராது. ஆகவே, நல்ல நூல் எது என்ற வினா உண்மையில், தவறான விடையை அடையாளம் காணக் கற்றுத்தரும் நூல் எது என்ற வினாவே. அதற்கு விடைகாண இம்மொழியும் அதன் நூல்களும் வந்த வழியை அறிவது உதவும்.

வழிகாட்டியிலிருந்து கேள்வியாளருக்கு

1960-களின் தரவுத்தளங்களில் பதிவுகள் ஒன்றோடொன்று சுட்டிகளால் கோக்கப்பட்டிருந்தன. ஒரு விடை வேண்டுமெனில், எந்தப் பதிவிலிருந்து தொடங்கி எந்தச் சுட்டியைப் பிடித்து எங்கே போவது என்று நிரலர் ஒவ்வோர் அடியையும் எழுத வேண்டும். இத்துறையின் முன்னோடியான சார்லஸ் பாக்மன் 1973-இல் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் நிரலரைக் கடலோடியாகவே உருவகித்தார். நிரலர் தரவுக் கடலில் வழி கண்டு செல்பவர் என்பது அவர் கருத்து.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மாற்றுக் கருத்து அச்சேறியிருந்தது. ஐ.பி.எம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் எஃப். காட், 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில், தரவை உறவுகளாக, அதாவது அட்டவணைகளாகக் காணும் மாதிரியை முன்வைத்தார். என்ன வேண்டும் என்பதைப் பயனர் சொன்னால் போதும்; அதை எவ்வாறு தேடி எடுப்பது என்பது கணினி அமைப்பின் பொறுப்பு. எஸ்.க்யூ.எல் கற்போர் இன்றும் கடக்க வேண்டிய முதல் படி இதுதான். பைத்தானோ சி மொழியோ கற்றுவிட்டு வருபவர், படிப்படியாகச் செய்முறை சொல்லும் பழக்கத்தைக் கைவிட்டு, விடையின் வடிவத்தை விவரிக்கப் பழக வேண்டும். இந்த மாற்றத்தை விளக்காமல் கட்டளைகளை மட்டும் அடுக்கும் நூல், மாணவரைப் பழைய கடலோடியாகவே விட்டுவிடுகிறது.

1974 மே மாதம் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த மாநாட்டில் காட், பாக்மன் ஆகியோரின் இரு தரப்புகளும் நேருக்கு நேர் விவாதித்தன. அதே மாநாட்டில் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் ‘சீக்வெல்’ என்ற மொழியை அறிமுகப்படுத்தினர். அந்தப் பெயர் ஒரு பிரிட்டிஷ் வானூர்தி நிறுவனத்தின் வணிக முத்திரையாக இருந்ததால், பின்னாளில் அது எஸ்.க்யூ.எல் எனச் சுருங்கியது. அம்மாநாடு முடிந்த சில வாரங்களில் பாய்ஸ் காலமானார்.

அவர்கள் மனத்தில் கொண்டிருந்த பயனர் யார் என்பது கவனிக்கத்தக்கது. கணக்காளர், பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர், நகரத் திட்டமிடுவோர் முதலான, கணினியைத் தொழிலாகக் கொள்ளாதவர்களையே அக்கட்டுரை சுட்டியது. அவர்களின் முந்தைய முயற்சியான ‘ஸ்கொயர்’ கணிதக் குறியீடுகளால் ஆனது; சீக்வெல்லில் அவற்றின் இடத்தை ஆங்கிலச் சொற்கள் பிடித்தன. இவ்விரு மொழிகளில் எதை எளிதாகக் கற்க முடிகிறது என்று, நிரலாக்கம் அறிந்த, அறியாத கல்லூரி மாணவர்களுக்கே பாடம் நடத்தி உளவியலாளர் ஃபிலிஸ் ரைஸ்னர் சோதித்தார். அந்த முடிவுகள் 1975-இல் வெளிவந்தன. கற்பவரின் தடுமாற்றம் இம்மொழியின் வரலாற்றில் தொடக்கத்திலேயே ஆய்வுப்பொருளாகிவிட்டது. இன்று தயங்கியபடி எஸ்.க்யூ.எல் நூலைத் திறக்கும் சமூகவியல் ஆய்வாளர், இம்மொழிக்கு வெளியாள் அல்லர். அவரைப் போன்றோருக்காகவே அது வகுக்கப்பட்டது.

முதல் ஓடை: கருத்து நூல்கள்

1975-இல் ஐ.பி.எம்-இன் பிரிட்டன் ஆய்வகத்தைச் சேர்ந்த சி. ஜே. டேட் எழுதிய ‘ஆன் இன்ட்ரொடக்ஷன் டு டேட்டாபேஸ் சிஸ்டம்ஸ்’ வெளியானது. உறவுநிலை மாதிரி சந்தைக்கு வருமுன்பே வந்த நூல் அது. பின்னர் எட்டுப் பதிப்புகள் வரை வளர்ந்தது.

டேட்டின் கற்பிக்கும் முறைக்கு ஒரு சிறு தரவுத்தளமே அடித்தளம்: 5 வழங்குநர், 6 உதிரிப்பாகங்கள், யார் எதை வழங்குகிறார் என்பதைக் காட்டும் 12 பதிவுகள். முழுவதையும் கண்ணால் பார்த்தே விடையைச் சரிபார்க்கலாம். ‘எல்லாப் பாகங்களையும் வழங்குவோர் யார்?’ என்று கேட்டால், முதலாம் வழங்குநர் ஒருவரே என்று பட்டியலைப் பார்த்ததும் தெரியும். ஆனால் அதை எஸ்.க்யூ.எல்லில் எழுத முனைந்தால், ‘எல்லாம்’ என்பதை நேரடியாகச் சொல்ல வழியில்லை. ‘அவர் வழங்காத பாகம் என்று எதுவுமில்லை’ என இரட்டை எதிர்மறையாக மாற்றிச் சொல்ல வேண்டும். கேள்வியின் தருக்கத்தை அதன் மொழியிலிருந்து பிரித்துப் பார்க்க இந்த 12 பதிவுகள் கற்றுத்தந்த அளவுக்குப் பெருந்தரவுகள் கற்றுத்தருவதில்லை.

இதே டேட்தான் எஸ்.க்யூ.எல்லின் கடுமையான திறனாய்வாளரும் ஆனார். 1984-இல் அம்மொழியின் குறைகளைப் பட்டியலிட்டுக் கட்டுரை எழுதினார். காட்டும் 1988-இல் அதில் உயிர்நிலையான குறைகள் இருப்பதாக எழுதினார். ஒரே பதிவு இருமுறை வர இடமளிப்பது ஏற்கத்தக்கதன்று என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். ஆனால் ‘நல்’ என்று ஒலிக்கப்படும் மதிப்பின்மையில் அவர்கள் பிரிந்தனர். அதை இன்னும் செம்மையாகக் கையாள வேண்டும் என்றார் காட். அது கூடவே கூடாது என்றார் டேட். மாணவர் இன்று இடறி விழும் பள்ளங்கள் பெரும்பாலும் இந்த விவாதத்தில் சுட்டப்பட்டவையே.

இரண்டாம் ஓடை: பல்கலைக்கழகப் பாடநூல்கள்

1980-களில் தரவுத்தளவியல் தனிப் பாடமாக நிலைபெற்றபோது பெரும் பாடநூல்கள் வந்தன. கோர்த், சில்பர்ஷாட்ஸ் இருவரின் ‘டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்’ 1986-இலும், எல்மாஸ்ரி, நவாத்தே இருவரின் ‘ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் டேட்டாபேஸ் சிஸ்டம்ஸ்’ 1989-இலும், ரகு ராமகிருஷ்ணனின் ‘டேட்டாபேஸ் மேனேஜ்மென்ட் சிஸ்டம்ஸ்’ 1990-களின் இறுதியிலும் வெளிவந்தன. இவ்வரிசையில் இந்தியர் பங்கு பெரிது. சம்காந்த் நவாத்தே அமெரிக்காவில் பேராசிரியராகப் பணியாற்றியவர். ரகு ராமகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி-யில் பயின்றவர், சில்பர்ஷாட்ஸ் நூலின் மூன்றாம் பதிப்பிலிருந்து ஆசிரியராக இணைந்த எஸ். சுதர்சன் மும்பை ஐ.ஐ.டி-யின் பேராசிரியர். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்திலும் சில்பர்ஷாட்ஸ் நூல் பரிந்துரைக்கப்பட்டது.

இவை தரமான நூல்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவற்றின் நோக்கம் வேறு. தரவுத்தளம் உள்ளே எவ்வாறு இயங்குகிறது, வட்டில் தரவு எவ்வாறு அடுக்கப்படுகிறது, ஒரே நேரத்தில் பலர் எழுதும்போது பரிவர்த்தனைகள் எவ்வாறு காக்கப்படுகின்றன, அட்டவணைகளை எவ்வாறு இயல்பாக்குவது என்பவையே இவற்றின் பெரும்பகுதி. வினவல் மொழிக்குச் சில இயல்களே கிடைக்கின்றன. தரவுத்தள அமைப்பைக் கட்டப்போகும் பொறியாளருக்கு அது சரியான விகிதம். தன் தரவிடம் கேள்வி கேட்க விரும்பும் ஆய்வாளர் இந்நூலை வாங்கி, ஆயிரம் பக்கங்களைக் கண்டு மலைத்து மூடிவைத்தால் குற்றம் அவருடையதுமன்று, நூலுடையதுமன்று, பரிந்துரைத்தவருடையது.

மூன்றாம் ஓடை: பொருள் சார்ந்த கையேடுகள்

1979-இல் ஆரக்கிள் நிறுவனத்தின் முன்னோடி, எஸ்.க்யூ.எல் கொண்ட வணிகத் தரவுத்தளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது, ஐ.பி.எம்-இன் சொந்தப் படைப்புகள் 1980-களின் தொடக்கத்தில்தான் சந்தைக்கு வந்தன. இந்தியாவில் மென்பொருள் வேலைகள் பெருகிய 1990-களில், கணினிப் பயிற்சி நிலையங்களிலும் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களிலும் ஆரக்கிள் பரவலாக இடம்பிடித்தது. அதற்கேற்ற நூல்கள் தேவைப்பட்டன. பி.பி.பி பதிப்பகம் வெளியிட்ட, ஆரக்கிளின் எஸ்.க்யூ.எல், பி.எல்/எஸ்.க்யூ.எல் மொழிகளுக்கான இவான் பேராஸின் நூல் எண்ணற்ற மாணவர் கைகளில் புழங்கியது. கட்டளையைக் காட்டுவது, தட்டச்சு செய்ய வைப்பது, விளைவைக் காட்டுவது என்ற இவ்வகைக் கையேடுகளின் முறை, கணினி முன் அமர்ந்த நேரமே அரிதாயிருந்த மாணவருக்குப் பேருதவியாக இருந்தது.

அவற்றின் எல்லையும் அங்கேயே இருந்தது. ஒரு நிறுவனத்தின் கிளைமொழியே எஸ்.க்யூ.எல் என்ற எண்ணம் வேரூன்றியது. எடுத்துக்காட்டாக, இரு அட்டவணைகளை இணைக்கும்போது ஒன்றில் இணையில்லாத பதிவுகளையும் விடாமல் காட்டும் வெளி இணைப்புக்கு ஆரக்கிள், அடைப்புக்குறிக்குள் இட்ட கூட்டல் குறியைப் பயன்படுத்தியது. 1992-ஆம் ஆண்டுத் தரநிலை இதற்குத் தெளிவான சொல்முறையை வகுத்துவிட்டது. ஆரக்கிள் அதை ஏற்றது 2001-இல். பழைய நூலைப் படித்தவர் பிற தரவுத்தளம் ஒன்றின் முன் அமரும்போது அந்தக் கூட்டல் குறி வேலை செய்யாது.

எது மூப்படைகிறது, எது நிலைக்கிறது

மூன்று ஓடைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு நூலின் வெவ்வேறு அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் மூப்படைவது தெரியும். 1970-இன் உறவுநிலைக் கருத்து இன்றும் புதிதாகவே உள்ளது. மொழியின் தரநிலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வளர்கிறது: 1986-இல் முதல் அமெரிக்கத் தரநிலை, 1992-இல் புதிய இணைப்பு முறை, 1999-இல் தன்னைத் தானே அழைக்கும் வினவல், 2003-இல் சாளரச் சார்புகள். மென்பொருள்களோ தத்தம் வேகத்தில் இவற்றை ஏற்கின்றன. சாளரச் சார்புகள் போஸ்ட்கிரெஸ்-க்யூ.எல்லுக்கு 2009-இலும், மை-எஸ்.க்யூ.எல்லுக்கு 2018-இலும்தான் வந்தன. ஒவ்வொரு மாநிலத்திலும் எழுத்தறிவில் முதல் மூன்று மாவட்டங்கள் எவை என்பது போன்ற கேள்வியை எளிதாகக் கேட்க உதவுபவை இவை. இவற்றைப் பேசாத பழைய பதிப்பு, மாணவரைச் சுற்றுவழியில் அலையவிடும்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இன்கிரஸ் திட்டம் ‘க்வெல்’ என்ற போட்டி மொழியை உருவாக்கியிருந்தது. டேட் 1987-இல் இன்கிரஸுக்கென ஒரு வழிகாட்டி நூலே எழுதினார். எஸ்.க்யூ.எல் தரநிலையானபின் க்வெல் மறைந்தது. இன்கிரஸின் வழிவந்த போஸ்ட்கிரெஸும் 1990-களின் நடுவில் எஸ்.க்யூ.எல்லுக்கு மாறியது. க்வெல்லின் சொற்களை மனப்பாடம் செய்தவர் எல்லாவற்றையும் மறந்து தொடங்க வேண்டியிருந்தது. அதன் வழியே உறவுநிலைச் சிந்தனையைக் கற்றவர் சொற்களை மட்டும் மாற்றிக்கொண்டார்.

14 பதிவுகளால் ஒரு தேர்வு

நூலகத்தில் நூலைக் கையிலெடுத்து எடைபோட ஒரு வழி உண்டு. ஆரக்கிளின் பழைய மாதிரித் தரவான பணியாளர் அட்டவணையை இந்தியாவில் தரவுத்தளம் கற்ற பலரும் அறிவர்: 14 பணியாளர், 4 துறைகள். அதைக் கொண்டு மூன்று கேள்விகள் கேட்கலாம்.

முதலாவது: சராசரித் தரகு எவ்வளவு? நால்வருக்கே அந்தப் புலத்தில் மதிப்பு உண்டு: 300, 500, 1400, 0. ஏனைய பத்துப் பேருக்கு மதிப்பில்லை. எஸ்.க்யூ.எல் 550 என்று விடை தரும். மதிப்பின்மையைச் சுழியாகக் கொண்டால் விடை ஏறத்தாழ 157. தரகுக்கு உரியவராக இருந்தும் ஏதும் ஈட்டாதவர் வேறு, தரகுக்கே உரியவரல்லாதவர் வேறு. களஆய்வில் விடை தராதவரையும் ‘இல்லை’ என்றவரையும் ஒன்றாக எண்ணிவிடும் ஆபத்து இதுவே.

இரண்டாவது: ஒவ்வொரு துறையிலும் எத்தனை பேர்? 40-ஆம் எண்ணுள்ள துறையில் ஒருவருமில்லை. சாதாரண இணைப்பில் அத்துறை விடையிலிருந்தே மறைந்துவிடும். வெளி இணைப்புச் செய்து பதிவுகளை எண்ணினால், யாருமில்லாத துறைக்கு 1 என்று வரும். பணியாளர் எண்ணை எண்ணினால்தான் 0 வரும். பள்ளியில்லாத ஊர்களை எண்ணப் புகுந்தவர், அந்த ஊர்களையே இழந்துவிடலாம். அல்லது அவற்றுக்கு ஒரு பள்ளியைக் கற்பித்துவிடலாம்.

மூன்றாவது: எவருக்கும் மேலாளராக இல்லாதவர் யார்? மேலாளர் அறுவர், ஆகவே விடை எட்டுப் பேர். ‘மேலாளர் எண்களின் பட்டியலில் இல்லாதவர்’ என்று இயல்பாக எழுதினால் ஒருவரும் கிடைக்கமாட்டார். தலைவருக்கு மேலாளர் இல்லை என்பதால் அப்பட்டியலில் மதிப்பின்மை ஒன்று உண்டு. அறியப்படாத ஒன்று பட்டியலில் இருக்கும்போது, ஓர் எண் அதில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல இயலாது என்பது எஸ்.க்யூ.எல்லின் தருக்கம். எட்டு சுழியாகிறது, எச்சரிக்கை ஏதும் வராது.

ஒரு நூல் இந்த மூன்றையும் பேசுகிறதா என்று பாருங்கள். மதிப்பின்மை, வெளி இணைப்பு, துணை வினவல் பற்றிய பக்கங்களைப் புரட்டினால் போதும். ஒவ்வொன்றுக்கும் வாய்பாடு தந்து நகரும் நூலுக்கும், தவறான விடையைக் காட்டி ஏன் அவ்வாறு வந்தது என்று விளக்கும் நூலுக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிந்துவிடும். அடுத்து, அதன் மாதிரித் தரவு இன்று இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளில் ஏற்றக்கூடியதா, புதிய தரநிலைகளை அது அறியுமா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவையில் நிற்கும் நூல்கள் உள்ளன. முன்னனுபவமில்லாத ஆய்வாளருக்கு ஆலன் பியூலியூவின் ‘லேர்னிங் எஸ்.க்யூ.எல்’ ஏற்றது, 2020-இல் வந்த மூன்றாம் பதிப்பையே தேட வேண்டும். ஓரளவு பழகியவருக்கு அந்தோணி மோலினாரோவின் ‘எஸ்.க்யூ.எல் குக்புக்’ பயன் தரும். மேலே கண்ட பணியாளர் அட்டவணையையே அதுவும் பயன்படுத்துகிறது என்பதால் இந்திய ஆய்வகங்களில் பயின்றோருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கணினி அறிவியல் மாணவருக்குச் சில்பர்ஷாட்ஸ், கோர்த், சுதர்சன் நூல் இன்றியமையாதது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு பயிற்சி நூலும் இருக்க வேண்டும். வினவல் எழுதக் கைவந்தபின், ஏன் இவ்வாறு என்று கேட்கத் தொடங்கியவருக்கு டேட்டின் ‘எஸ்.க்யூ.எல் அண்ட் ரிலேஷனல் தியரி’ காத்திருக்கிறது. அதை முதல் நூலாக வாங்குவது வீண். மூன்றாவது நூலாக வாங்குவது பெரும் பேறு.

பாடத்திட்டக் குழுக்களும் நூலகக் குழுக்களும் ஒரே நூலில் இவை அனைத்தையும் அடக்க முயல்வதே இன்றைய இடர். அமைப்பைக் கட்டுவோருக்கான நூலும், கருவியைப் பழக்கும் கையேடும், கேள்வியின் தருக்கத்தைக் கற்பிக்கும் நூலும் வெவ்வேறு தேவைகளிலிருந்து பிறந்தவை. முதல் இரண்டும் நம் அலமாரிகளில் நிறைந்துள்ளன. மூன்றாவது வகையில் ஒரு படியேனும் ஒவ்வொரு துறை நூலகத்திலும் இருந்தால், எட்டுப் பேர் இருக்குமிடத்தில் சுழியைக் கண்ட மாணவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போகாமல், ஒரு கணம் நின்று தன் கேள்வியைத் திரும்பப் படிப்பார்.